தொப்பையும் உடல்நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் எடை சரியாகத்தான் இருக்கிறது. வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருக்கிறது. இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

வேண்டும். எடை பார்க்கும் இயந்திரம் உடலின் மொத்தப் பாரத்தைச் சொல்லுமே தவிர, அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ.க்கும் இதே குறை உண்டு.

இதை விளக்க மருத்துவ உலகில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு படம் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கும் அந்தப் படம் 2004-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3 என்று ஒன்றாகவே இருந்தது. ஆனால் உடலை ஸ்கேன் செய்து பார்த்தபோது யட்கினின் உடலில் 9.1 விழுக்காடும் யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடும் கொழுப்பு இருந்தது. யட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதையும், மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதே யாக்னிக்கின் முக்கிய உடற்பயிற்சி என்பதையும் அவர்களே அந்தக் கட்டுரையில் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒல்லியாகத் தெரியும் தெற்காசியர் ஒருவர் உள்ளுக்குள் கொழுப்பு மிகுந்தவராக இருக்கலாம் என்பதற்கு அந்தப் படமே சான்று.

தொப்பையில் இருக்கும் கொழுப்பு முழுவதும் ஒரே வகைதானா?

இல்லை. விரலால் பிடித்துப் பார்க்கக்கூடிய, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு ஒரு வகை. வயிற்றுத் தசைகளுக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் கணையத்தையும் சுற்றிப் படியும் உள்ளுறுப்புக் கொழுப்பு மற்றொரு வகை. நோய்களை அதிகம் வரவழைப்பது இந்த இரண்டாவது வகைதான். தொட்டால் கல் போல விறைப்பாக இருக்கும் தொப்பையைக் கண்டு, "எனக்குக் கொழுப்பே இல்லை, எல்லாம் தசைதான்" என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். உண்மையில் அத்தகைய வயிற்றில் உள்ளிருந்து தள்ளும் கொழுப்பே மிகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உள்ளுறுப்புக் கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள், குடலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குள் போய்ச் சேர்கின்றன. அங்கே கொழுப்பு படியப் படிய, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினின் கட்டளைக்குக் கல்லீரல் சரிவரப் பணிவதில்லை. அத்துடன், அந்தக் கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களையும் சுரக்கிறது. அதைச் சும்மா கிடக்கும் சேமிப்பு மூட்டை என்று எண்ணுவது தவறு. அது சுரப்பி போல ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும் திசு.

அப்படியானால் லைப்போசக்‌ஷன் மூலம் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாதா?

தோற்றம் மாறும், நோய் அபாயம் மாறுவதில்லை. உடல் பருமன் கொண்ட 15 பெண்களின் வயிற்றிலிருந்து சராசரியாக 9 முதல் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்து அவர்களைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளியானது. இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகிய எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. காரணம் எளிது: உறிஞ்சு குழாய் எட்டுவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மட்டுமே. அதே 10 கிலோவை உணவாலும் நடையாலும் குறைத்திருந்தால் உள்ளே இருப்பதும் கரைந்திருக்கும்.

வயிற்றுச் சுற்றளவைச் சரியாக அளப்பது எப்படி?

தையல்காரர் பயன்படுத்தும் இஞ்ச் டேப் ஒன்று போதும். நிமிர்ந்து நின்று, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பையும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டுக் கண்டுகொண்டு, இரண்டுக்கும் நடுவே தரைக்கு இணையாக டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல், தோலை அழுத்தாமல் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் அளப்பது நல்லது.

பேன்ட் அளவை வைத்து முடிவு செய்வது ஆண்கள் பலரும் செய்யும் தவறு. தொப்பை பெருகப் பெருக பேன்ட் கீழே இறங்கி, தொப்பைக்கு அடியில் போய் நின்றுவிடுகிறது. இருபது ஆண்டுகளாக "என் அளவு 34தான்" என்று சொல்பவரின் உண்மையான வயிற்றுச் சுற்றளவு 40 அங்குலமாக இருப்பதில் வியப்பில்லை. புடவையின் கொசுவமும் சுடிதாரின் நாடாவும் இதே உண்மையை இன்னும் தாராளமாக மறைத்துவிடுகின்றன.

எவ்வளவுக்கு மேல் போனால் ஆபத்து?

தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் (சுமார் 35½ அங்குலம்) பெண்களில் 80 சென்டிமீட்டரும் (சுமார் 31½ அங்குலம்) எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. அமெரிக்காவில் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கும் எல்லைகள் முறையே 102, 88 சென்டிமீட்டர். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் பலவும் அந்த எண்களையே தருவதால், நம்மவர்கள் தங்களுக்கு இன்னும் இடமிருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். பி.எம்.ஐ.யும் இப்படித்தான்: உலக அளவில் 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல் பருமன் என்றிருக்க, இந்தியர்களுக்கு அந்த எல்லைகள் 23, 25 என்று தாழ்த்தப்பட்டுள்ளன.

இந்த எண்கள் நினைவில் நிற்காவிட்டால் ஒரு சுருக்கமான வழி உண்டு: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 80, 170 உள்ளவருக்கு 85. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிகள் 2022 முதல் இந்த விகிதத்தையும் பரிந்துரைக்கின்றன. ஒரு கயிற்றை உங்கள் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

தொப்பையால் என்னென்ன நோய்கள் வரக்கூடும்?

முதலாவது, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். சென்னையில் உருவாக்கப்பட்டு 2005-இல் வெளியிடப்பட்ட இந்தியச் சர்க்கரை நோய் அபாய மதிப்பெண் முறையில் கணக்கில் எடுக்கப்படுபவை நான்கே நான்கு: வயது, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்பது, உடலுழைப்பு, வயிற்றுச் சுற்றளவு. முதல் இரண்டையும் யாராலும் மாற்ற முடியாது என்பதால், நம் கையில் இருப்பவை மற்ற இரண்டும்தான்.

அடுத்தது இதயம். தமிழகம் உட்பட இந்தியாவில், ஐரோப்பியர்களைக் காட்டிலும் குறைந்த வயதிலேயே மாரடைப்பு வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள். 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்பு அபாயத்தை பி.எம்.ஐ.யைவிட இடுப்பு–புட்டச் சுற்றளவு விகிதம் துல்லியமாகக் காட்டுகிறது என்று கண்டறிந்தது. தொப்பை உள்ளவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பெரும்பாலும் ஒரே தோரணை தென்படும்: ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு கூடியிருக்கும், நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். குறைந்திருக்கும், வெறும் வயிற்றுச் சர்க்கரை நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கும், ரத்த அழுத்தமும் சற்றே ஏறியிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால், "கொஞ்சம்தான் கூடியிருக்கிறது" என்று தோன்றும். ஆனால் இவை சேர்ந்தே வருவதும், சேர்ந்தே தீங்கு செய்வதும்தான் சிக்கல். இந்தக் கூட்டுக்கு வளர்சிதை மாற்றக் குறைபாடு என்று பெயர்.

மூன்றாவது, கல்லீரல் கொழுப்பு. வேறு எதற்காகவோ எடுத்த வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "இது எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று சீட்டை மடித்து வைத்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பலருக்கு இருக்கிறது என்பது உண்மை; அதனால் அது இயல்பானது ஆகிவிடாது. மதுவைத் தொடாதவர்களுக்கும் இது அழற்சியாகவும் தழும்பாகவும் முற்றி, சிலருக்குக் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போகக்கூடும்.

இவை தவிர, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், அதன் அடையாளமான பலத்த குறட்டையும், பகலில் கண்ணைச் சுழற்றும் உறக்கமும் தொப்பை உள்ளவர்களிடம் மிகுதி. பெண்களுக்குக் கருப்பையில் வரும் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் உட்பட 13 வகைப் புற்றுநோய்களுக்கும் மிகை உடற்கொழுப்புக்கும் தொடர்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அறிவித்தது. முழங்கால் தேய்மானமும் முதுகு வலியும் எல்லாரும் அறிந்தவை.

கழுத்தின் பின்புறம் கருத்துப் போயிருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுக்கும் தோல், ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். செயின் உரசியதால் வந்தது என்று எண்ணி எலுமிச்சைத் தோலாலும் பீர்க்கங்காய் நாராலும் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பதும் எடையைக் குறைப்பதுமே அதற்கு வழி.

நமக்கு மட்டும் ஏன் இப்படி வயிற்றில் சேர்கிறது?

ஒரு பகுதி பிறவியிலேயே தொடங்குகிறது. புனேயில் நடந்த ஆய்வுகளில், அங்கே பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைந்தவர்களாகவும், தசையும் உறுப்புகளும் சிறுத்தவர்களாகவும் இருந்தும், உடற்கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையாமல் இருந்தது. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்த இந்த உடல்வாகு, பிற்காலத்தில் வயிறு நிறைய உணவும் நாற்காலி வேலையும் கிடைக்கும்போது எளிதில் தொப்பையாக மாறிவிடுகிறது.

மறுபகுதி நம் வாழ்க்கை முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வாளர்கள் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2023-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினருக்கு பி.எம்.ஐ. அடிப்படையிலான உடல் பருமனும், 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் இருந்தன. எடையை மட்டும் பார்த்தால் எத்தனை பேரைத் தவறவிடுவோம் என்பதை இந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள தூரம் காட்டுகிறது. உறக்கக் குறைவு, தீராத மன அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவையும் கொழுப்பை வயிற்றுப் பக்கம் திருப்புகின்றன. மதுவின் ஒவ்வொரு கிராமும் 7 கலோரி. உடன் வரும் வறுவல்களின் கணக்கு தனி.

சோற்றை அறவே நிறுத்திவிட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் சோற்றைப் பற்றிய கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். "நான் மதியம் மட்டும்தான் சோறு சாப்பிடுகிறேன், காலையும் இரவும் டிபன்தான்" என்று சொல்பவர் காலையில் இட்லியும் இரவில் தோசையும் சாப்பிடுகிறார். மூன்று வேளையும் அரிசிதான், உருவம் மட்டுமே வேறு. நாள் முழுவதும் உள்ளே போகும் ஆற்றலில் இந்தியர்களுக்குச் சராசரியாக 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது; புரதம் மிகக் குறைவு.

ஆகவே தட்டின் அமைப்பை மாற்றுவதே முதல் வேலை. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் ஒன்று, மீதிக் கால் பங்கு மட்டும் சோறோ சப்பாத்தியோ. நம் வீடுகளில் சோறு மலையாகவும் பொரியல் அதன் ஓரத்தில் ஊறுகாய் அளவிலும் இருக்கிறது. அதை அப்படியே புரட்டிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. பரிமாறுபவர் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதை அன்பென்று ஏற்றாலும், அந்தக் கரண்டி கூட்டில் விழட்டும்.

அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்பது நல்ல மாற்றம்தான். ஆனால் நான்கு தோசைக்குப் பதில் நான்கு கம்பு தோசை என்றால் கலோரி பெரிதாகக் குறையாது. மாவாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி, எந்தத் தானியமாக இருந்தாலும், முழுத் தானியத்தைவிட விரைவாகச் சர்க்கரையாக மாறும். சப்பாத்தி விஷயத்திலும் எண்ணிக்கையே முக்கியம்.

கண்ணுக்குத் தெரியாமல் சேர்பவை இரண்டு: சர்க்கரையும் எண்ணெயும். நாளுக்கு நான்கு முறை காபியோ டீயோ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் 40 கிராம், அதாவது 160 கலோரி. நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் இந்தக் கணக்கில் பெரிய சலுகை எதுவும் இல்லை. எண்ணெய் ஒவ்வொரு கிராமுக்கும் 9 கலோரி. மரச்செக்கில் ஆட்டியதானாலும் அதேதான். ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்குள் சமைக்க முடிகிறதா என்று மளிகைச் சீட்டைப் பார்த்துக் கணக்கிடலாம்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்கிறார்களே, கொள்ளு கொழுப்பைக் கரைக்குமா?

கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய இருப்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது. சோற்றின் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் கொள்ளுச் சுண்டலையோ துவையலையோ வைத்தால் பழமொழி பலிக்கும். வழக்கமான சாப்பாட்டை முடித்துவிட்டுக் கொள்ளு ரசத்தை மருந்தாகக் குடித்தால் பலிக்காது. வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், சீரகத் தண்ணீர், வியர்க்க வைக்கும் பெல்ட் ஆகியவை கொழுப்பைக் கரைப்பதில்லை. பெல்ட்டைக் கழற்றியபின் குறைந்திருப்பது வியர்வையாகப் போன நீர். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

தினமும் நூறு முறை படுத்து எழுந்து வயிற்றுப் பயிற்சி செய்கிறேன். ஏன் குறையவில்லை?

வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும்; அதன் மேலும் உள்ளும் இருக்கும் கொழுப்பைக் குறிப்பாகக் கரைக்காது. உடல் தனக்குத் தேவையான ஆற்றலை எங்கிருந்து எடுப்பது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், மூச்சு சற்று வாங்கும்படி வேகமாக நடந்தாலோ, மிதிவண்டி ஓட்டினாலோ, நீந்தினாலோ உள்ளுறுப்புக் கொழுப்பு முதலில் குறையத் தொடங்குகிறது. எடை அசையாத போதும்கூட அது குறைவதுண்டு. வாரத்துக்கு 150 நிமிடங்களாவது இப்படி இயங்குவதும், வாரத்தில் இரண்டு நாட்கள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி செய்வதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கடற்கரையில் நண்பர்களோடு அரசியல் பேசியபடி உலவிவிட்டு, திரும்பும் வழியில் இரண்டு வடை சாப்பிடுவது இந்தக் கணக்கில் சேராது.

எவ்வளவு எடை குறைந்தால் பலன் தெரியும்?

இருக்கும் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் ஆகியவற்றில் முன்னேற்றம் தெரியும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோதான். கல்லீரல் அழற்சி தணிவதற்கு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைய வேண்டியிருக்கலாம். வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நிதானமான வேகம். பட்டினி கிடந்து மாதத்தில் பத்துக் கிலோ இழப்பவர்கள் தசையையும் சேர்த்தே இழக்கிறார்கள். பித்தப்பைக் கற்கள் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

எடை குறையாவிட்டாலும் முயற்சி வீணாவதில்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறைந்திருக்கவில்லை.

பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் வயிறு பெருப்பது ஏன்?

இரண்டும் வெவ்வேறு. பிரசவத்துக்குப் பின் வயிற்றின் நடுவே இருக்கும் தசைகள் விலகி நிற்பதாலும் வயிறு முன்தள்ளலாம். அதற்கு இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகள் உதவும். துணியால் இறுக்கிக் கட்டுவது தற்காலிகத் தாங்கலே. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், அதுவரை இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அந்த வயதில் தசையைக் காக்கும் பயிற்சியும் போதிய புரதமும் நடைப்பயிற்சிக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை.

எல்லாம் தைராய்டால்தான் என்கிறார்கள். உண்மையா?

தைராய்டு குறைபாட்டால் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோ மட்டுமே. அதிலும் ஒரு பங்கு உடலில் தேங்கும் நீர். மாத்திரையால் அளவு சீரான பிறகும் இருபது கிலோ கூடுதலாக இருந்தால், காரணத்தைச் சமையலறையிலும் நாற்காலியிலும் தேட வேண்டும்.

எடை குறைக்கும் ஊசிகளைப் போட்டுக்கொள்ளலாமா?

2025-இல் டிர்செபடைடு, எடைக் குறைப்புக்கான செமாக்ளுடைடு ஆகிய ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. பசியைக் குறைத்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் இவை உண்மையிலேயே வேலை செய்கின்றன: முக்கிய ஆய்வொன்றில் செமாக்ளுடைடு 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு அளவுக்கு எடையைக் குறைத்தது. ஆனால் நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதையும் அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். கணைய அழற்சி வந்தவர்கள் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். திருமணத்துக்கு முன் மூன்று கிலோ குறைப்பதற்கான மருந்து அல்ல இது. பருமனாலோ அதன் நோய்களாலோ உண்மையில் துன்பப்படுபவருக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் அது நியாயமான சிகிச்சை. அதைப் போட்டுக்கொள்பவரைச் சோம்பேறி என்று ஏசுவதும் தவறு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? என்ன பரிசோதனைகள் தேவை?

வயிற்றுச் சுற்றளவு மேலே சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி, கொழுப்பு அளவுகள், கல்லீரல் நொதிகள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

எல்லா வயிறும் தொப்பையல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சில வாரங்களுக்குள் வயிறு மளமளவென்று பெருத்தாலோ, கை கால்கள் மெலிய வயிறு மட்டும் உப்பினாலோ, கால் வீக்கமோ மஞ்சள் காமாலையோ சேர்ந்திருந்தாலோ, வயிற்றில் நீர் கோத்திருக்கக்கூடும். பெண்களுக்குச் சூலகக் கட்டியும் கருப்பைக் கட்டியும் வெறும் தொப்பை போலத் தோன்றி ஏமாற்றுவதுண்டு. இவற்றுக்கு நடைப்பயிற்சியைத் தொடங்கிக் காத்திருக்காமல், அந்த வாரமே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.